மூன்றாம் நாள் கன்னம்

பல் பிடுங்கிக்கொண்டவர்கள் மிரண்டுபோவது பெரும்பாலும் முதல் நாளில் அல்ல. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று வலித்தால், இன்றைக்குத்தானே எடுத்தது, வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மறுநாள் காலையில் கன்னம் கொஞ்சம் தடித்திருக்கும். அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடும். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் முதல் நாளைவிடப் பெரிதாக இருக்கிறது, வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை, பல் இருந்த குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. குறைய வேண்டிய நேரத்தில் கூடுகிறதே, சீழ் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று முடிவுகட்டி மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் ஆன்டிபயாடிக் கைக்கு வந்துவிடும். இந்த முடிவு பெரும்பாலான நேரங்களில் தவறு. இன்னொரு பக்கம், அதே மூன்றாம் நாளில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய வேறொரு கோளாறு தொடங்கும்போது, கன்னம் வீங்கவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடுகிறார்கள். வலியையும் வீக்கத்தையும் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. எத்தனையாவது நாள், நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் நிலைமை பிடிபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் காயம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. பிடுங்குவது என்று நாம் சொன்னாலும் மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி அசைப்பதுதான். பல்லை முன்னும் பின்னும் அசைத்து, அந்த நார்களை விடுவித்து, சுற்றியுள்ள எலும்புச் சுவரைச் சற்றே விரித்து, வழி கிடைத்த பிறகே வெளியே எடுக்கிறார். மிஞ்சுவது ஒரு எலும்புக் குழி. அதில் ரத்தம் நிறைந்து உறைந்து, அந்த உறைந்த ரத்தமே மூடியாகவும் மருந்தாகவும் ஆகிறது. கையிலோ காலிலோ எலும்பு தெரியுமளவுக்குக் காயம் பட்டால் கட்டுப் போட்டு மூடி, தண்ணீர்கூடப் படாமல் காப்போம். வாயில் அதே காயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எச்சிலுக்கு நடுவே, மூன்று வேளையும் சாப்பிட்டபடி ஆறவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒழுங்காக ஆறிவிடுகிறது என்பதுதான் வியப்பு.

வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரே காரணம் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. லிக்னோகைனும் அட்ரினலினும் கலந்த மரப்பு ஊசி போட்டால் கீழ்த்தாடையில் உதடும் நாக்கும் மூன்று நான்கு மணி நேரம் மரத்திருக்கும். அந்த நேரத்தில் நமக்குத் தெரியாமலே காயம்பட்ட திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்துகொண்டிருக்கும். அது வலி நரம்புகளின் உணர்வைக் கூர்மையாக்குவதோடு, சிறு ரத்தக்குழாய்களை விரியவும் செய்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தப் பொருள் உருவாவதைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மரப்பு இறங்கியதும் வலி நரம்புகள் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒன்றாகச் சொல்லத் தொடங்குகின்றன. அதனால் வலியின் உச்சம் பல் எடுத்த அன்று மாலையோ இரவோ வந்துவிடுகிறது. வீக்கம் அப்படியல்ல. விரிந்த ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து கன்னத்தின் திசுக்களில் தேங்குவது மெதுவாக நடக்கும் வேலை. கசிவு ஒரு பக்கம், வடிகால் மறுபக்கம் என்று நடந்து, கசிவின் கை ஓங்கியிருக்கும் வரை கன்னம் பெரிதாகிக்கொண்டே போகும். 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆக, மூன்றாம் நாள் கன்னம் பெரிதாகவும் வலி முதல் நாளைவிடக் குறைவாகவும் இருந்தால் உடல் தன் கணக்குப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

வாய் திறக்க முடியாமல் போவதும் இதே கணக்கில் சேரும். கடைசிக் கடைவாய்ப் பல்லை எடுக்கும்போது மெல்லும் தசைகளுக்கு மிக அருகில் ஊசியும் கருவிகளும் போய்வருகின்றன. நீண்ட நேரம் வாயைப் பிளந்து வைத்திருந்ததும் சேர்ந்துகொள்கிறது. தசை இறுகிப்போகிறது. சில நாட்களில் கன்னத்திலோ தாடைக்குக் கீழேயோ மஞ்சளும் பச்சையுமாக நிறம் மாறுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். கசிந்த ரத்தம் ஈர்ப்பு விசையால் கீழிறங்கி, கரையும்போது காட்டும் நிறம் அது. சிலருக்குக் கழுத்துவரை இறங்கும். மேல்தாடையின் முன்பக்கப் பல்லில் சிக்கலான சிகிச்சை நடந்தாலோ அங்கே ஏற்கெனவே சீழ் இருந்தாலோ வீக்கம் மேலேறிக் கண்ணிமையைப் பாதி மூடிவிடுவதும் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பயத்துக்கு இதுகூட விதையாக இருந்திருக்கலாம். பல்லுக்கு உணர்வு தரும் நரம்பும் பார்வைக்கான நரம்பும் மூளையிலிருந்து தனித்தனியாகப் புறப்படுபவை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கெடாது. இமை வீங்கியதால் கண் திறக்கவில்லை என்பதைப் பார்வை போனதாக எடுத்துக்கொண்டால் கதை பரவ எவ்வளவு நேரமாகும்?

எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டம் கண்டுவிட்ட முன்பல்லை எடுத்தால் வீக்கமே இல்லாமல் போகலாம்; ஒரு நாள் மாத்திரையோடு முடிந்துவிடும். ஞானப்பல் என்று சொல்லப்படும் கடைசிக் கடைவாய்ப் பல் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருந்தால் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லையே துண்டுகளாக்கி எடுக்க வேண்டியிருக்கும். கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட அடர்த்தியானது, ரத்த ஓட்டமும் ஒப்பீட்டில் குறைவு. அதனால் தொல்லையும் அங்கேதான் அதிகம். மூன்றாம் நாள் கன்னம் பெருத்திருப்பது புதைந்த ஞானப்பல் எடுத்தவருக்கு இயல்பு. லேசாக வந்துவிட்ட முன்பல் எடுத்தவருக்கு அதே நாளில் புதிதாகக் கன்னம் வீங்கினால் அது சந்தேகத்துக்குரியது. வீக்கத்தின் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும் பொருள் வேறு. நாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும்போது எந்தப் பல், எப்படி எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எழுந்து வரும் முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டிய கேள்வியும் இதுதான்: எனக்கு எவ்வளவு வீங்கும், எத்தனை நாள்?

இந்த நாட்கணக்கை அதிகமாகப் பாதிப்பது உலர் குழி. பல் மருத்துவர்கள் டிரை சாக்கெட் என்கிறார்கள். கிராஃபோர்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1896-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். குழியை மூடியிருக்க வேண்டிய உறைந்த ரத்தம் காலத்துக்கு முன்பே கரைந்தோ விழுந்தோ போய், எலும்பு வெளியே தெரிவதுதான் கோளாறு. அதன் அடையாளம் நாளில்தான் இருக்கிறது: முதல் நாள் வலித்தது, இரண்டாம் நாள் குறைந்தது, இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று பழையதைவிட மோசமாக வலிக்கத் தொடங்குகிறது. வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். மாத்திரை போட்டாலும் முழுதாக அடங்காது. வாயில் கெட்ட வாடையும் கெட்ட ருசியும் இருக்கும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, கன்னமும் பெரிதாக வீங்காது. வீக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர் இங்கேதான் ஏமாறுகிறார். கன்னம் சாதாரணமாக இருக்கிறதே என்று நாலைந்து நாள் தூக்கமில்லாமல் கிடப்பவர்கள் பலர். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கு இது வருகிறது. அறுவை செய்து கீழ் ஞானப்பல் எடுத்தவர்களில் சில ஆய்வுகள் நூற்றுக்கு 30 வரைகூடச் சொல்கின்றன. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்கு அளவுக்குக் கூடுகிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், எடுக்கச் சிரமப்பட்ட பல்லுக்கும், வாய்ச் சுத்தம் குறைந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

உலர் குழிக்கு ஆன்டிபயாடிக் மருந்தல்ல, ஏனென்றால் இங்கே முதன்மைக் கோளாறு கிருமித்தொற்று இல்லை. மருத்துவர் குழியை உப்புநீரால் மெதுவாகக் கழுவி, உள்ளே சிக்கிய உணவை அகற்றி, கிராம்பெண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த மருந்தைத் திணித்துவைப்பார். பெரும்பாலும் அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்குள்ளேயே வலி இறங்கத் தொடங்கும். மருந்து வைக்காவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே ஆறிவிடும் என்பது உண்மைதான். அந்தப் பத்து நாளை யார் கழிப்பது? வீட்டிலிருக்கும் கிராம்பெண்ணெயைப் பஞ்சில் நனைத்து நாமே குழிக்குள் வைத்துக்கொண்டால் ஆகாதா என்றும் கேட்கலாம். செறிவான எண்ணெய் ஈறையும் கன்னத்தையும் புண்ணாக்கிவிடும்; மிச்சப் பஞ்சு குழிக்குள் தங்கினால் வேறு தொல்லை. மருந்து ஒன்றாக இருந்தாலும் அதைக் கழுவிய குழிக்குள் அளவாக வைப்பது வேறு வேலை. இன்னொன்று, குழிக்குள் தெரியும் வெள்ளை. மூன்றாம் நாள் வாக்கில் உறைந்த ரத்தத்தின் மேல் வெண்மையும் மஞ்சளுமாக ஒரு படலம் படரும். இது ஆறும் காயத்தின் இயல்பான உறை. இதைச் சீழ் என்று நினைத்துப் பல்குச்சியாலோ விரலாலோ சுரண்டினால்தான் குழி வெறுமையாகி, இல்லாத உலர் குழியை நாமே உண்டாக்கிக்கொள்வோம். சீழ் அசைந்து வழியும், கெட்ட வாடை அடிக்கும், ஓரத்தை அழுத்தினால் வரும். இந்தப் படலம் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

இப்போது முக்கியமான மறுப்புக்கு வரலாம். எது இயல்பு, எது தொற்று என்று மூன்றாம் நாளில் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, பல் எடுத்த அன்றே ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதிதானே? மருத்துவர்களிலும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நோயாளிகளில் பலர் அது இல்லாவிட்டால் சீட்டு அரைகுறை என்றே நினைக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஊகத்தைவிட நல்ல பதில் இருக்கிறது. காக்ரேன் அமைப்பு 2021-இல் புதுப்பித்த மதிப்பாய்வில், பெரும்பாலும் ஞானப்பல் எடுத்த ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்ததில் தொற்று குறைந்தது. ஒருவருக்குத் தொற்றைத் தடுக்க 19 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் உலர் குழியைத் தடுக்க 46 பேருக்கு. பலன் இல்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது, பலன் இருக்கிறது. ஆனால் அந்த 19 பேரில் 18 பேர் தேவையில்லாமல் மருந்து சாப்பிடுகிறார்கள், வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் அவர்களுக்கும் வரலாம், அவர்கள் வாயிலும் குடலிலும் இருக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளலாம். தடுக்கப்படும் தொற்றோ பெரும்பாலும், வந்த பிறகு கண்டுபிடித்தாலும் குணப்படுத்தக்கூடியது. அறுவை செய்து எடுத்த புதைந்த பல்லுக்கு மருத்துவர் ஒரு முறை யோசித்துக் கொடுக்கிறார் என்றால் அதில் நியாயம் உண்டு. ஆட்டமாடிய பல்லை இரண்டு நிமிடத்தில் எடுத்தவருக்கும் அதே சீட்டு என்றால் அது வழக்கம், மருத்துவம் இல்லை. மூன்றாம் நாள் தானாகவே இறங்கவிருக்கும் வீக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு நாள் மாத்திரை வாங்கி, வீக்கம் குறைந்ததும் நிறுத்துவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் போட்டதால்தான் குறைந்தது என்ற நம்பிக்கை அடுத்த பல்லுக்கும் அடுத்த வீட்டுக்கும் போய்ச்சேருகிறது.

உண்மையான தொற்று பெரும்பாலும் தாமதமாக வரும். வீக்கம் குறையத் தொடங்கிவிட்டு மறுபடி கூடினால், அல்லது நான்காம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால், கன்னம் கெட்டியாகவும் சூடாகவும் சிவந்தும் இருந்தால், காய்ச்சல் வந்தால், சீழ் வழிந்தால் அது தொற்று. அன்றே போக வேண்டும். எந்த நாளாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்து தொற்று நாக்குக்கு அடியிலுள்ள இடைவெளிக்குப் பரவினால் வாயின் தளம் முழுவதும் மேலெழும். நாக்கு மேல்நோக்கித் தள்ளப்படும். எச்சில் விழுங்க முடியாமல் வழியும். குரல் அடைத்தாற்போல் மாறும். படுத்தால் மூச்சுத் திணறும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் விவரித்த இந்த நோய் இன்றும் அவர் பெயரிலேயே அறியப்படுகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இப்போது காப்பாற்ற முடிகிறது, நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போனால். கன்னத்தைவிடத் தாடைக்கு அடியில் வீங்குவதையும், விழுங்கச் சிரமப்படுவதையும் அதிகமாகக் கவனிக்கச் சொல்வது இதனால்தான். வாய் திறக்க முடியாமை முதல் மூன்று நாளில் தசை இறுக்கமாக இருக்கலாம். அதற்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் அதையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மை உண்டு: உலகில் வலி மருந்துகளைச் சோதிக்க அதிகம் பயன்பட்ட வலிகளில் ஒன்று ஞானப்பல் எடுத்த வலி. வலி எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அவ்வளவு ஒழுங்காகக் கணிக்கக்கூடியதாக இருப்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது வசதி. அதனால் இந்த ஒரு வலிக்கு எந்த மாத்திரை நல்லது என்பதில் நமக்குக் கிடைத்திருக்கும் சான்று மிக உறுதியானது. 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை 2,000-க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 7 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் காக்ரேன் சொன்னது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் மேல். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரு வகை மருந்துகளையே முதலில் வைக்கிறது. அடிமையாக்கும் ஓபியாய்டு வலி மருந்துகளால் அந்த நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த தெளிவு அது. வலி வந்தபின் மாத்திரை தேடுவதைவிட, மரப்பு முழுதாக இறங்கும் முன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொள்வதும், முதல் இரண்டு நாள் மருத்துவர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் சாப்பிடுவதும் பலன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, சில வகை ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் இபுப்ரோஃபென் வகைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலும் இருந்தால் அதைச் சோதித்துத் தெளிந்த பிறகே இவ்வகை மருந்து; டெங்குவாக இருந்தால் அது ரத்தக்கசிவுக்கு இடம்கொடுத்துவிடும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு. பல் மருத்துவர் எழுதித்தரும் வலி மாத்திரையில் பெரும்பாலும் அசிக்குளோஃபெனாக் போன்ற ஒன்றோடு பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல், வலி குறையவில்லை என்று வீட்டில் இருக்கும் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் இடையிடையே விழுங்கினால், ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டதாக ஆகிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் மேல் எல்லை. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருப்பவருக்கு அதற்கும் வெகு கீழே. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பது அரை நிமிட வேலை. இங்கே இன்னொரு மறுப்பும் கேட்கும்: வீக்கம் உடலின் சீரமைப்பு வேலை என்றால் அதைத் தணிக்கும் மாத்திரை ஆறுவதைக் கெடுக்காதா? நாலைந்து நாள் சாப்பிடுவதால் குழி ஆறுவது தடைபடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வலியில் சாப்பிடாமல், தூங்காமல் கிடப்பதே ஆறுவதற்கு எதிரி. ஞானப்பல் அறுவைக்கு டெக்ஸாமெத்தசோன் ஊசியோ மாத்திரையோ கொடுத்து வீக்கத்தையே மட்டுப்படுத்துவதும் மருத்துவர்கள் அறிந்து செய்வதுதான். அதைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

கைவைத்தியங்களையும் இந்த நாட்கணக்கில் வைத்துப் பார்த்தால் எது எப்போது என்பது தெளிவாகும். வீக்கம் என்றதும் நம் கை சுடு ஒத்தடத்துக்குத்தான் போகும். முதல் நாளில் சூடு ரத்தக்குழாய்களை விரித்து ரத்தத்தையும் நீரையும் இன்னும் கசியவைக்கும். அப்போது வேண்டியது துணியில் சுற்றிய ஐஸ்தான், இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுத்து. ஐஸால் வீக்கம் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் மரப்பும் ஆறுதலும் கிடைக்கும், கெடுதல் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத் தாடை இறுக்கத்துக்கு மிதமான சூடு உதவும். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிப்பது நல்லது, ஆனால் முதல் 24 மணி நேரம் கழித்து. அதற்குமுன் கொப்பளித்தாலும், விடாமல் துப்பினாலும், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலும், பீடி சிகரெட் இழுத்தாலும் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடக்கூடும். முதல் இரவு எச்சில் சிவப்பாக வருவதைப் பார்த்துத் துப்பிக்கொண்டே இருப்பவர்கள் இந்த விஷயத்தில் தங்களுக்கே எதிரி. ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். வாய் நிறைந்து கட்டிகட்டியாக வந்தால் புதிய பஞ்சை மடித்துக் குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் போக வேண்டும்.

பத்தியத்தில் வழக்கமும் பயமும் கலந்திருக்கின்றன. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பவற்றுக்கு ஆதாரமில்லை. பருப்பை நிறுத்திக் கஞ்சித் தண்ணீரில் ஒரு வாரம் ஓட்டுவது, திசு வளரப் புரதம் தேவைப்படும் நேரத்தில் அதைப் பறிப்பதாகும். குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, அவித்த முட்டை எல்லாம் மறுபக்கம் மென்று தாராளமாகச் சாப்பிடலாம். பொரி, மிக்சர், எள், காரப் பொடி போன்ற குழிக்குள் போய் உட்காரும் பொருட்களைத் தள்ளிவைப்பதில் மட்டும் காரணம் இருக்கிறது. வெற்றிலையும் புகையிலையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்கணக்கு எல்லோருக்கும் பொருந்துமா என்பது நேர்மையான கேள்வி. பொருந்தாதவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொற்று சீக்கிரமும் வரலாம், காய்ச்சல் இல்லாமலும் வரலாம்; அவர் நான்காம் நாள்வரை பொறுக்கக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்து பெற்றவர்களுக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பே அழிவது உண்டு. இதை முதலில் கவனப்படுத்திய அறிக்கை 2003-இல் வந்தது. ஆண்டுக்கு ஒரு ஊசி என்பதால் அதை மருந்தாகவே நினைக்காமல் பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடும் வயதானவர்கள் இருக்கிறார்கள், உடன் வரும் மகனோ மருமகளோ சொன்னால் நல்லது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர், ரத்தம் போகும் என்று பயந்து தாமாகவே அதை நிறுத்துவது பல்லைவிடப் பெரிய ஆபத்து. மேல் கடைவாய்ப் பல் எடுத்தவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் வந்தால், அல்லது கீழ்ப் பல் எடுத்தவருக்கு மறுநாளும் உதடு மரத்தே இருந்தால், வலியோ வீக்கமோ இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். மரப்பு பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். ஆனால் முதலிலேயே பதிவாகியிருந்தால்தான் மீள்கிறதா என்று ஒப்பிட முடியும்.

இவ்வளவையும் நோயாளி நினைவில் வைத்திருப்பாரா, அதுவும் தாடை மரத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு, பேச முடியாமல் தலையாட்டும் நேரத்தில்? மாட்டார். அதனால்தான் மூன்றாம் நாளில் பொறுப்பு மருத்துவமனையின் பக்கம் கொஞ்சம் நகர வேண்டும். பல கிளினிக்குகளில் கையில் கொடுக்கும் சீட்டில், வலித்தால் வரவும் என்று ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் வலிக்கும் என்பதால் அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. பயந்தவர் இரண்டாம் நாளே ஓடிவருவார், பொறுமைசாலி உலர் குழியோடு பத்து நாள் கிடப்பார். மூன்றாம் நாள் வீக்கம் அதிகமாக இருக்கலாம், ஆனால் வலி முதல் நாளைவிடக் குறைந்திருக்க வேண்டும் என்று அதே சீட்டில் ஒரு வரி இருந்தால் இருவருக்குமே பயன்படும். தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவரை மறுபடி வரவழைக்காமல் தொலைபேசியிலேயே கேட்டுவிடவும் முடியும். நேற்றைவிட வலி குறைந்திருக்கிறதா, தண்ணீரும் எச்சிலும் சிரமமில்லாமல் விழுங்க முடிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாயில் நேற்று எத்தனை விரல் போனது, இன்று எத்தனை? செவிலியரோ உதவியாளரோ இரண்டு நிமிடத்தில் கேட்கக்கூடியவை. பத்துப் பேரைக் கூப்பிட்டால் பெரும்பாலோருக்கு, இது இப்படித்தான் இருக்கும், நாளை மறுநாள் வடியத் தொடங்கும் என்ற ஒரு வார்த்தை போதும். வலி கூடியிருக்கிறது என்று சொல்பவரை மட்டும் அன்று மாலையே வரச்சொல்லிக் குழியைக் கழுவி மருந்து வைத்துவிடலாம்.